சதக்கு காக்காவின் ஊத்

பீரோவைத் திறந்துவிட்டார்கள் என்பது உள்ளறையில் உட்கார்ந்திருந்தபடியே மைமூனுக்குத் தெரிந்துவிட்டது. கதவுச் சத்தம் கேட்கவில்லை, திரை அசையவில்லை, அந்த வாசம் மட்டும் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வருகிற விருந்தாளி மாதிரி வந்து எதிரே நின்றுகொண்டது. முதலில் ஆட்டுப்பட்டி. ஆட்டுப்பட்டிதான், சந்தேகமே வேண்டாம், மழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஆட்டுப்பட்டி. அப்புறம் தோல், புதுச் செருப்புக் கடையில் பெட்டியைத் திறந்ததும் அடிக்கிற தோல். அதற்கும் பின்னால் ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்த மருந்து. நல்ல ஊத் அத்தர் என்றால் முதலில் நாறத்தான் செய்யும், அவசரப்படக் கூடாது, அதன் குணம் மெல்ல மெல்லத்தான் தெரியும் என்று அவள் புருஷன் சதக்கு காக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பொறுத்தால் ரோஜா வருமாம், குங்குமப்பூ வருமாம், கடைசியில் தித்திக்கிற புகை ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டு போகவே போகாதாம். போகவே போகாது என்பது மட்டும் சத்தியமான வார்த்தை. நாலு மாதம் பத்து நாளாக அது இல்லாமல் இருந்திருக்கிறாள். புருஷன் மௌத்தாகி விதவையானவள் இத்தா இருக்கிற காலம் முழுக்க நகை கூடாது, கண்ணுக்கு மை கூடாது, அந்நிய ஆண் முகம் கூடாது, நறுமணம் கூடாது. கூடாதவற்றில் இந்தக் கடைசி ஒன்றை மட்டும் அவள் தனக்குக் கிடைத்த சலுகையாக வைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சதக்கு காக்காவின் பெண்டாட்டி இத்தாவில் நிம்மதியாக மூச்சு விட்டாள் என்று கேள்விப்பட்டால் தெருவே வாயைப் பொத்திக்கொள்ளும். இன்றைக்கு அந்தச் சலுகையும் முடிகிறது. மத்தியானம் ளுஹர் தொழுதுவிட்டுத் தலைக்கு ஊற்றியாயிற்று, மகள் எடுத்து வைத்த இளம்பச்சைப் புடவையைக் கட்டியாயிற்று, கழுத்தில் சங்கிலி ஏறியாயிற்று. அத்தர் பூச வேண்டியதுதான் பாக்கி. எந்த அத்தர் என்று அவளை யாரும் கேட்கவில்லை.

"உம்மா, கெடச்சிருச்சு!" என்று தஸ்லீமா திரையை ஒதுக்கிக்கொண்டு வந்தாள். உம்மாவின் இத்தா முடிவதற்காகவே பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு ஷார்ஜாவிலிருந்து வந்திருக்கிற ஒரே மகள். கையில் அந்தக் கறுப்புப் பெட்டி. மூடியைத் தூக்கினால் காந்தம் விடுபடுகிற சின்னச் சத்தம், உள்ளே பட்டுத் துணிக் குழியில் குப்பி, மேலே தங்கநிற மூடி, மூடியோடு ஒட்டிய கண்ணாடிக் குச்சி. முதல் குப்பி அவருடைய துபாய் அரபாப் கொடுத்தது. அந்த முதலாளி இவர் தோளில் கை போட்டுக் கொடுத்தாராம். அது தீர்ந்த பிறகு ஊரிலிருந்து போகிறவர்கள் கையில் சொல்லிவிட்டு அதே பெயர், அதே பெட்டி என்று வரவழைத்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்குக் கூரை ஒழுகும், ஊத் தீராது. "பாதிக்கு மேல இருக்கும்மா" என்றாள் தஸ்லீமா, குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து. "பல்கீஸ் மாமி கை கால் கழுவி ஒளூ செஞ்சுட்டாக. அஸர் தொழுதுட்டு வந்துருவாக. மாமி கையாலதான் ஒங்களுக்குப் பூசிவிடணும். வாப்பாவுக்குக் கூடப் பொறந்தவுக அவுக ஒருத்திதானே." மைமூன் பொறுமையாகத்தான் கேட்டாள்: "வேற அத்தர் இல்லையா புள்ள? அந்த மல்லிகை அத்தர் ஒண்ணு இருந்துச்சே." தஸ்லீமாவின் கண் உடனே நிரம்பிவிட்டது. "என்னாம்மா நீங்க, வாப்பா வாசம் இருக்கும்போது மல்லிகையா?" ஏன் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு முந்தின வார்த்தையைச் சொல்ல வேண்டும், அதற்கும் முந்தினதைச் சொல்ல வேண்டும், கடைசியில் வாப்பாவே இல்லாமல் போய்விடுவார் இந்தப் பிள்ளைக்கு. மகள் பெட்டியைக் கட்டில் தலைமாட்டில் வைத்துவிட்டு, வந்த பெண்களுக்குத் தேத்தண்ணீர் கொடுக்கப் போனாள். மூடியைச் சரியாக மூடாமல் போய்விட்டாள்.

எழுந்து போய் மூடலாம். இரண்டு எட்டு வைத்தால் கட்டில். ஆனால் தொட்டால் கையில் ஒட்டும். அந்தக் குணமும் அதற்கு உண்டு, மூடியை வெறுமனே திருகினாலே விரல் இடுக்கில் ஏறிக்கொள்ளும். மைமூன் முந்தானையை மூக்கருகே கொண்டு போனாள், புடவையில் கடைக் கஞ்சி மணம் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டாள். வெளியே கூடத்தில் பெண்கள் பேசுவது கேட்டது. எதிர்வீட்டு ராத்தா ஆரம்பித்துவிட்டாள், அவளுக்கு ஒரே கதைதான் தெரியும். "என்னா பாசம்ங்கிறீக. துபாய்ல அம்புட்டுப் பெரிய வேலை. பொண்டாட்டி தனியாக் கெடக்காளேன்னு ஒரே நாள்ல தூக்கிப் போட்டுட்டு வந்த மனுசன். இந்த ஊருல எந்த ஆம்பள அப்புடிச் செஞ்சான், சொல்லுங்க பாப்போம்." ஆமாம் ஆமாம் என்று சத்தங்கள். இந்த ஊர் ஆண்கள் வாலிபத்தைக் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு நரைத்த பிறகு திரும்பி வந்து இருமுகிறவர்கள். அவர்களுக்கு நடுவே சதக்கு காக்கா மட்டும் கறுப்பு மீசையோடு திரும்பி வந்தார். அதனால் அவர் பாசக்காரர். புதிதாகக் கல்யாணமான பெண்கள் புருஷனிடம் சண்டை போடும்போது அவரை உதாரணம் காட்டுவார்கள் என்று கேள்வி. மைமூனிடமே வந்து, நீங்க குடுத்து வச்சவுக ராத்தா என்பார்கள். அவளும் சிரிப்பாள். வேறென்ன செய்வது? பாசம் என்று ஊர் பட்டம் கட்டிக் கொடுத்துவிட்ட ஒன்றை, அது பாசமில்லை, சந்தேகம் என்று எந்த வாயால் சொல்வது? என்ன சந்தேகம் என்று கேட்பார்கள் அல்லவா? கேட்டுவிட்டு அவர்களும் சந்தேகப்படுவார்கள் அல்லவா? நெருப்பில்லாமலா புகையும் என்று இழுப்பார்கள். வேண்டாம். பாசமாகவே இருக்கட்டும்.

ரோஜா வந்துவிட்டது. இதோ, ஆட்டுப்பட்டியை நகர்த்திவிட்டு ரோஜா உட்காருகிறது, கறுப்பு ரோஜா, கொஞ்சம் வாடியது. வெட்கங்கெட்ட மூக்கு அதைக் கண்டதும் இன்னும் கொஞ்சம் விரிந்து கொடுக்கிறது, வயிற்றுக்குள் எங்கேயோ ஒரு கதகதப்பு ஓடுகிறது. இதற்குத்தான் அவள் பயந்தாள். வெறுத்துத் தொலைத்துவிட்டோம் என்று நினைத்த ஒன்று உடம்பில் இன்னும் பழைய விலாசத்தில் குடியிருக்கிறது. அப்போது தஸ்லீமா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவர் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார், வந்த முதல் வாரம் வீடே ஊத், பிறகு பயணம் சொல்லிவிட்டுப் போய்விடுவார், தலையணை உறையில் கொஞ்ச நாள் வாசம் இருக்கும், அப்புறம் அதுவும் போகும். அந்தத் தடவை அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், அவர் பள்ளிவாசலுக்குப் போயிருந்தபோது, அவள் குப்பியைத் திறந்து சில சொட்டுகளை எடுத்துக்கொண்டாள். கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்துக் குப்பி ஒன்று, பிளாஸ்டிக், கொதிதண்ணீரில் கழுவி வெயிலில் காயவைத்தது. அதற்குள் கண்ணாடிக் குச்சியால் தொட்டுத் தொட்டு வடித்தாள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா? கேட்டிருக்கிறாளே, புதுப் பெண்ணாக இருந்தபோது. "பொம்பளைக்கு இது ஆவாது, ரொம்ப வீரியம்" என்று சிரித்தார். ஜும்மாவுக்குப் போகும்போது வழியில் பார்க்கிறவன் கையையெல்லாம் இழுத்துப் புறங்கையில் பூசிவிடுவார், தேய்க்காதே, தேய்த்தால் செத்துப்போகும், அப்படியே விடு என்று பாடம் நடத்துவார். கறிக்கடைக்காரர் மணத்தார், முடிவெட்டுகிறவர் மணத்தார், பெண்டாட்டிக்கு வீரியம் ஆகாது. அதனால் திருடினாள். திருட்டு என்றுகூட அப்போது தோன்றவில்லை, புருஷனையே கொஞ்சம் எடுத்து ஒளித்து வைத்துக்கொள்வது போலத்தான் இருந்தது. அவர் போன பிறகு, தாங்க முடியாத நாட்களில் மட்டும், மணிக்கட்டில் ஒரு சொட்டு. அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது அந்த மைமூனுக்கு. பாவம், அவளை நினைத்தால் இந்த மைமூனுக்குக் கோபம் வருகிறது.

அந்த நாட்களில் ஒன்றில்தான் பல்கீஸ் வந்தாள். அவருடைய தங்கை, அண்ணனைக் காக்கா என்றும் அண்ணியை மச்சி என்றும் கூப்பிடுகிறவள், நாலு தெரு தள்ளி வீடு, சொந்த வீடு மாதிரி எந்நேரமும் வந்து போகிறவள். தூக்குச் சட்டியில் மீன் ஆணம் கொண்டுவந்திருந்தாள். வாசலைத் தாண்டி முற்றத்துக்கு வந்ததும் நின்றாள். மூக்கை உறிஞ்சினாள். மறுபடி உறிஞ்சினாள். மைமூனின் முகத்தைப் பார்த்தாள், உள்ளறையைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். மைமூன் கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் ஆண்பிள்ளை வாசம். புருஷன் நினைப்பில் அவன் அத்தரைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று நாத்தனாரிடம் எப்படிச் சொல்ல முடியும்? நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம். ஆணத்தை வாங்கி வைத்தாள், தேத்தண்ணீர் குடிச்சிட்டுப் போ என்றாள், பல்கீஸ் வேண்டாமென்று போய்விட்டாள், போகும்போதும் வாசலில் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்த மாதம் முடிவதற்குள் அவர் வந்து நின்றார். தந்தி இல்லை, போன் இல்லை. பெட்டியைக் கீழே வைத்தார், கொடுத்த தண்ணீரை வாங்கவில்லை, நேரே உள்ளறைக்குப் போய்த் தலையணையை எடுத்து மோந்தார். "யாரு வந்தது இங்கே?" என்றார். அவளுக்குப் புரியவே நேரமாயிற்று. புரிந்ததும் ஓடிப் போய்ப் பீரோவுக்கு அடியிலிருந்து சொட்டு மருந்துக் குப்பியை எடுத்துக் காட்டினாள், நாந்தான், நான்தாங்க, உங்களதுதாங்க, போறதுக்கு முன்னாடி எடுத்தேன் என்று அழுதாள். அவர் திறந்து மோந்து பார்த்தார். முற்றத்துச் சாக்கடையில் எறிந்தார். பிறகு கால் கழுவப் போனார். நம்பினாரா? எறிந்தது நம்பியதாலா, நம்பாததாலா? அன்றைக்கு மாட்டிய முள் அது. எத்தனையோ வருடமாக எந்தப் பக்கம் திரும்பினாலும் தொண்டையில் அதே இடத்தில் குத்துகிறது.

கேட்டாள். கேட்காமல் இல்லை. என்னை நம்புறீகளா என்று எத்தனை விதமாகக் கேட்க முடியுமோ அத்தனை விதமாகவும் கேட்டாள். "நான் ஒண்ணும் சொல்லலையே" என்பார். அவர் எப்போதும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் அவருடைய திறமை. குர்ஆன் மேல் கை வைத்துச் சொல்கிறேன் என்று ஒரு நாள் கிளம்பினாள். வேணாம் என்று சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டார், முகம் வெளுத்துவிட்டது. பொய்ச்சத்தியம் செய்து நான் பாவத்தில் விழுந்துவிடக் கூடாதென்று பயப்படுகிறார், அப்படியென்றால் நான் செய்தேன் என்றே நினைக்கிறார் என்று அன்று இரவெல்லாம் உருண்டாள். துபாய்க்குத் திரும்பவே இல்லை. பஜாரில் சின்னதாக ஒரு கடை போட்டார், கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் நினைத்த நேரத்தில் வந்து நிற்பார். வீடு அவளுடையது, இந்த ஊர் வழக்கப்படி உம்மா வீட்டில் சீதனமாகக் கொடுத்தது, அவள் வீட்டிலேயே அவளுக்குக் காவல். தெருப் பக்கத்து ஜன்னலுக்குப் பலகை அடித்தார். முன்னறையில் அக்கம்பக்கத்துச் சின்னப் பெண்களுக்கு அவள் குர்ஆன் ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அலிஃப் பே தே என்று காலையில் வீடே கொஞ்சும். பிள்ளைகளைக் கூட்டிப் போக அவர்களுடைய வாப்பாமார்கள் வாசல்வரை வருகிறார்கள் என்று அதையும் நிறுத்தினார். அவரா நிறுத்தச் சொன்னார்? இல்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார், அவளே நிறுத்திவிட்டாள். அவளுக்கு நல்ல குரல் என்பார்கள் அப்போது. சண்டை என்று வந்தால், அது உப்புக்காக இருந்தாலும் புளிக்காக இருந்தாலும், கடைசியில் ஒரே இடத்தில் வந்து முடியும்: "ஒன்னாலதானே நான் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தேன்." அவள் தலை குனிந்துவிடும். ஒருவன் வாழ்க்கையையே கெடுத்துவிட்டவள் அல்லவா! அதற்காக நல்ல ஆணமாக வைத்தாள், காலைப் பிடித்துவிட்டாள், சட்டையைத் துவைத்தாள். ஊத் மட்டும் துணியை விட்டுப் போகாது, வெயிலில் போட்டாலும் போகாது, கஞ்சி போட்டாலும் கஞ்சிக்கு மேல் வந்து நிற்கும். துவைத்துத் துவைத்து அவள் உள்ளங்கைக்கும் அந்த வாசம் வந்தது. அதை மட்டும் அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊத் எடுக்கிற மரத்துக்கு நோய் வந்தால்தான் வாசம் வரும், நோயில்லாத மரம் வெறும் விறகு என்று சொல்லிக்கொண்டிருப்பார், அதை ஏதோ பெரிய ஞானம் போல. நோய் பிடித்த மரத்துக்கு எப்படி இருக்கும் என்று மரத்தைத்தான் கேட்க வேண்டும். மதுரை ஆஸ்பத்திரியில் அவருக்கு மூச்சு முட்டியபோது அவள் பக்கத்தில்தான் இருந்தாள். ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். நீ ஒண்ணும் செய்யலை மைமூன், எனக்குத் தெரியும், அவ்வளவு சொன்னால் போதும், இத்தனை வருடத்தையும் சும்மா கொடுத்துவிடத் தயாராக இருந்தாள். போகிறவர்கள் இருக்கிறவர்களிடம் பொருந்திக்கொள்ளச் சொல்லிக் கேட்பது வழக்கம். செய்த பிழையை மன்னித்துவிடு, மறுமையில் என்னைப் பிடித்து நிறுத்தாதே என்று கேட்பது. அவர் முகத்தில் இருந்த குழாயை ஒதுக்கிவிட்டு அவள் கையைப் பிடித்தார். பிடித்து, "ஒன்ன நான் பொருந்திட்டேன்" என்றார். அவள் கேட்கவே இல்லை, அவராகக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்தினார்கள், அவருடைய ஊத்தையே கபனில் பூசினார்கள், குப்பி முழுக்கத் தீர்ந்துபோயிருக்கும் என்று அவள் நினைத்தாள். பள்ளிவாசல் ஹஸ்ரத்தின் மனைவி வந்து, நீங்களும் பொருந்திட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்கம்மா என்றாள். பொருந்திட்டேன் என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள். எதைப் பொருந்தினோம் என்று தெரியாமலேயே சொன்னாள். நம்பாதவரைப் பொருந்தினாளா, நம்பியும் சொல்லாதவரைப் பொருந்தினாளா? மனிதன் போய்விட்டான், இனி யாரைக் கேட்பது? ஒரு வேளை நம்பியிருப்பார். நம்பாவிட்டால் ஏன் தலாக் சொல்லவில்லை? ஒரு வேளை நம்பவே இல்லை, ஊருக்குப் பயந்து வைத்துக்கொண்டிருந்தார். நம்பியிருந்தால் ஏன் ஜன்னலுக்குப் பலகை? இந்த நாலு மாதமும் இதே இரண்டு வாசலுக்கு நடுவில்தான் போய்ப் போய் வந்தாள்.

முற்றத்தில் செருப்புச் சத்தம். தொழுகை முடிந்துவிட்டது. இப்போது பூசுவார்கள், பூசினால் இன்றைக்கு இரவு அது தலையணைக்கு வரும், நாளைக்குத் துணிக்கு வரும், மறுபடி அவர் வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். பூசுகிற கை யாருடையது? மூக்கை உறிஞ்சிவிட்டுப் போய்ப் புருஷன் காதில் ஊதியவளின் கை. இத்தனை வருடத்தில் பல்கீஸிடம் அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. பெருநாளைக்குப் புடவை கொடுத்திருக்கிறாள், அவள் மகள் பிரசவத்துக்கு ராத்திரி பகலாக நின்றிருக்கிறாள், உள்ளே மட்டும் ஒரு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு வைத்திருக்கிறாள். சொல்லிவிடலாமா இன்றைக்கு? ஒன் கையால வேணாம் என்று? எல்லாப் பெண்களும் இருக்கிறார்கள். வேண்டாம். அப்புறம் ஏன் என்பார்கள். அந்த ஏனுக்குத்தான் அவள் வாழ்நாளெல்லாம் பயந்திருக்கிறாள்.

பெண்கள் திரையை முழுக்க விலக்கிவிட்டு வாசற்படியில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பல்கீஸ் தொழுகைத் துப்பட்டியோடேயே வந்து, மைமூனைக் கட்டிலில் உட்கார வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிழவியாகிவிட்டாள் இவளும், முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார முடிகிறது. தஸ்லீமா குப்பியை எடுத்துக் கொடுத்தாள். பல்கீஸ் பிஸ்மில்லா சொல்லிக் கண்ணாடிக் குச்சியை உருவி, மைமூனின் வலது மணிக்கட்டைப் புரட்டி, நரம்பு ஓடும் இடத்தில் ஒரு கோடு இழுத்தாள். குளிர்ந்து, உடனே சுட்டது. பல்கீஸ் குனிந்து அதை மோந்தாள். மோந்தவள் நிமிரவில்லை. தோள் குலுங்கியது.

"காக்கா வாசம்" என்றாள். "மச்சி, அன்னைக்கும் இப்புடித்தான் ஒங்க மேல அடிச்சுச்சு. ஞாபகம் இருக்கா? நான் மீன் ஆணம் கொண்டாந்தேன்ல. நீங்க கைய ஒளிச்சுக்கிட்டீக."

மைமூன் அவள் பக்கம் திரும்பினாள். "நீ என்ன நெனச்சே அன்னைக்கு?" என்று கேட்டாள். தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்ன நெனப்பேன்? எங்க காக்கா வாசம் எனக்குத் தெரியாதா? புருசன் நெனப்புல பூசிக்கிட்டு ஒக்காந்திருக்காகளேன்னு சிரிச்சிட்டு ஓடிட்டேன், ஒங்களுக்கு வெக்கமாப் போயிருமேன்னு." பல்கீஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு மறுநா காக்கா போன் போட்டாக. அழுவுறாக மச்சி. அங்கன வேலை போயிருச்சு, அரபாப் விசாவ கேன்சல் பண்ணிட்டான், எந்த மூஞ்சியோட ஊருக்கு வருவேன், பொண்டாட்டி காறித் துப்ப மாட்டாளான்னு. நாந்தான் சொன்னேன். காக்கா, மச்சி ஒங்க அத்தரப் பூசிக்கிட்டு ஒங்களுக்காகக் காத்துக் கெடக்கு, வேலை போனா மயிராப் போச்சு, நீங்க கெளம்பி வாங்கன்னு. சொன்னதும் அமைதியாயிட்டாக. நெசமாவா, என் ஊத்தா, எப்புடிக் கெடச்சுச்சு அவளுக்குன்னு கேட்டுக் கேட்டுச் சிரிச்சாக. அப்புறந்தான் வந்தாக. வேலை போன விசயம் யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக எங்கிட்ட. இப்பச் சொன்னா என்னா, மனுசனே போயிட்டாக."

சிரித்தாராம். என் ஊத்தா என்று கேட்டுச் சிரித்தாராம். சிரித்துவிட்டு விமானம் ஏறி வந்து, தண்ணீரை வாங்காமல் போய்த் தலையணையை மோந்தாராம். அப்படியென்றால் மோந்தது தெரிந்துகொள்ள இல்லை. யாரு வந்தது என்று கேட்டபோது பதிலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். ஒருத்தர் வந்திருக்க வேண்டும் அவருக்கு, யாராவது ஒருவன், இல்லாவிட்டால் பெண்டாட்டி முன்னால் வேலை போனவன் என்று நிற்க வேண்டும். சத்தியம் செய்ய வேண்டாமென்று கையைப் பிடித்தபோது வெளுத்த முகம், அது அவளுக்காக வெளுத்ததில்லை. சத்தியம் நடந்தால் அவரும் நம்பியாக வேண்டும். நம்பினாரா, நம்பவில்லையா என்று இவள் தேய்ந்துபோன இடத்தில் அந்தக் கேள்வியே இருந்ததில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட அவர் அவளைச் சந்தேகப்பட்டதில்லை. சந்தேகப்பட்டிருந்தாலாவது அவர் பாவம் என்று சொல்லலாம், வெந்திருப்பார் என்று சொல்லலாம். நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார் மனிதன். தெரிந்தே பலகை அடித்தார். தெரிந்தே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தெரிந்தே, மூச்சு முட்டுகிற நேரத்திலும் குழாயை ஒதுக்கிவிட்டு, அவளை மன்னித்தார்.

"நான் பொருந்தல" என்றாள் மைமூன்.

யாருக்கும் கேட்கவில்லை. அவள் எழுந்து நின்றாள். சின்னப் பெண்களுக்கு ஓதிக்கொடுத்த காலத்துக் குரல் எங்கிருந்தோ ஏறி வந்தது. "நான் அவுகளப் பொருந்தல. அன்னைக்குச் சொன்னது தெரியாமச் சொன்னது. எல்லாரும் கேட்டுக்கங்க. என் றப்பு அல்லா மேல ஆணையா, இங்கேயும் பொருந்த மாட்டேன், மறுமையிலேயும் பொருந்த மாட்டேன்."

பிறகு தஸ்லீமா ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "உம்மா, எங்கம்மா, ஒங்களத் தனியா விட்டுட்டுப் போயிட்டாகன்னு அம்புட்டுக் கோவமாம்மா வாப்பா மேல?" என்று கதறினாள். இல்லை என்றாள் மைமூன், அதுக்கில்லை என்றாள், மகளின் தோளில் முகம் அழுந்தியிருந்ததால் அது வெறும் முனகலாகத்தான் வெளியே வந்தது. எதிர்வீட்டு ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அழட்டும், விடுங்க, இத்தன நாளா அழாம இருந்துச்சு" என்றாள் யாரோ. "அல்லா, என்னா பாசம்!" என்றாள் இன்னொருத்தி. பல்கீஸ் கண்ணைத் துடைத்துவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த மைமூனின் இடது கையை எடுத்துப் புரட்டி, அதிலும் பூசினாள்.